பழைய ஜெர்மன் ராணுவ ஹெல்மெட்கள்: சீரமைப்பும் பராமரிப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எந்தெந்த ஹெல்மெட்களைப் பற்றிய பதில்கள் இவை?

பெரும்பாலும் இரண்டு வகைகளைப் பற்றி. முதலாவது, உச்சியில் கூர்முனை வைத்த தோல் ஹெல்மெட். ஜெர்மானியர்கள் இதை பிக்கெல்ஹௌபெ என்பார்கள். பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் 1842-இல் தன் ராணுவத்துக்கு இதைக் கொண்டுவந்தார். பிறகு பவேரியா, சாக்ஸனி, வூர்ட்டெம்பெர்க், பாடன் என்று மற்ற ஜெர்மன் அரசுகளும் தங்கள் தங்கள் சின்னத்தோடு இதை ஏற்றுக்கொண்டன. 1914-இல் முதல் உலகப்போருக்குப் படை புறப்பட்டபோது காலாட்படை வீரர்களின் தலையில் இருந்தது இதுதான்.

இரண்டாவது, ஷ்டால்ஹெல்ம் என்னும் எஃகு ஹெல்மெட். குண்டுச் சிதறல்கள் தலையில் உண்டாக்கிய காயங்களை அறுவை மருத்துவர் ஆகுஸ்ட் பீர் கவனித்துச் சொல்ல, ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் ஷ்வெர்ட் வடிவமைத்தார். 1916 தொடக்கத்தில் பிரான்ஸின் வெர்தூன் போர்முனையில் பெரிய அளவில் கொடுக்கப்பட்டது. அதன் பின்னால் 1918, 1935, 1940, 1942 மாடல்கள் வந்தன. தோலுக்கும் எஃகுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் முதலில் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புதுசு போல ஆக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

புதுசு போல ஆக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நூறு ஆண்டு பழைய ஹெல்மெட்டில் விலைமதிப்புள்ளது அதன் மேற்பரப்பு. தொழிற்சாலையில் பூசிய பெயிண்ட், வீரர் கையால் எழுதிய பெயர், கிடங்கில் குத்திய மை முத்திரை, சேறு காய்ந்த தடம் எல்லாம் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து புதிதாகப் பெயிண்ட் அடித்தால் மிஞ்சுவது வெறும் எஃகுக் கிண்ணம். சேகரிப்பாளர் சந்தையிலும் அப்படிப்பட்டதற்கு மதிப்பு சரிந்துவிடும். ஆனால் விலையைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று: அந்த ஹெல்மெட் எந்தப் படைப்பிரிவில் இருந்தது, யார் அணிந்தது என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது, நடந்துகொண்டிருக்கும் சேதத்தை நிறுத்துவது. அதற்கு மேல் ஏதாவது செய்தால், பின்னால் வருபவர் அதை எடுத்துவிட முடிகிற மாதிரி செய்யுங்கள்.

ஹெல்மெட் கைக்கு வந்தவுடன் முதல் வேலை என்ன?

படம் எடுங்கள். துடைப்பதற்கு முன்னால், தூசி தும்போடு. வெளிப்பக்கம், உள்பக்கம், ஒவ்வொரு ரிவெட், தாடைவார், பின்விளிம்பின் உட்புறம் எல்லாவற்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல் எழுத்துகள்கூடத் தெரியும். யாரிடமிருந்து வந்தது, அவர்கள் சொன்ன கதை என்ன என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

அப்புறம் ஓரிரு வாரம் தனியாக ஒரு பெட்டியில் வைத்துக் கவனியுங்கள். பெட்டியின் அடியில் வெள்ளைத் தாள் விரியுங்கள். தாளில் புதிதாக மரத்தூள் போன்ற பொடியோ புழுக்கூடோ விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. மற்ற பொருள்களின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

தொடுவதில் ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். விலங்கு முடியை நசுக்கிச் செய்த ஃபெல்ட் ஹெல்மெட்களில் பாதரசம் மிஞ்சியிருக்கலாம், அந்தக் காலத்தில் ஃபெல்ட் தயாரிப்பில் அதைப் பயன்படுத்தினார்கள். பழைய அருங்காட்சியகச் சேகரிப்பிலிருந்து வந்தது என்றால் பூச்சிக்காக ஆர்செனிக் தூவியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நைட்ரைல் கையுறை போடுங்கள், தூசி தட்டும்போது முகக்கவசம் அணியுங்கள், எக்காரணம் கொண்டும் உலர்ந்த பெயிண்டைத் தேய்த்துத் தூளாக்காதீர்கள். கையுறை ஹெல்மெட்டுக்கும் நல்லது. விரல் வியர்வையின் உப்பு பித்தளையில் அப்படியே அச்சாகி, சில மாதங்களில் கறுத்துப்போகும்.

தோல் ஹெல்மெட் காய்ந்து கட்டையாக இருக்கிறது. தேங்காய் எண்ணெயோ ஷூ பாலிஷோ தடவலாமா?

வேண்டாம். எண்ணெய் போட்ட அன்று தோல் கறுத்து மினுமினுப்பாக, உயிர் வந்தது போலத்தான் தெரியும். பிறகு அந்த எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டியாகி, தூசியைப் பிடித்து, பூஞ்சணத்துக்கு உணவாகிறது. பித்தளை தொடும் இடங்களில் பச்சைக் களிம்பை வளர்க்கிறது. தையல் நூலில் ஊறி அதை நைந்துபோக வைக்கிறது.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. சாதாரண வீரர்களின் ஹெல்மெட்டில் பின்பக்கக் கழுத்து மறைப்பின் உட்புறத்தில் மை முத்திரைகள் இருக்கும். ராணுவ உடைக் கிடங்கைக் குறிக்கும் பி.ஏ. என்ற எழுத்துகள், எந்தப் படையணி என்று சொல்லும் ரோமன் எண், வழங்கிய ஆண்டு, சில சமயம் ரெஜிமென்ட் எண். பழுப்புத் தோலில் கறுப்பு மை. எண்ணெய் பட்டுத் தோல் கறுத்தால் அந்த எழுத்து தோலோடு தோலாக மறைந்துவிடும். ஹெல்மெட்டின் பிறப்புச் சான்றிதழே அதுதான்.

தோல் கட்டையாக இருப்பது இங்கே நோயில்லை. பிக்கெல்ஹௌபெயின் தோலை அச்சில் வைத்துக் கடினமாக்கித்தான் செய்தார்கள். அது இளகிக் கொடுக்க வேண்டியதில்லை. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, வாய்ப்பகுதியில் மெல்லிய துணி கட்டிய வாக்குவம் கிளீனரால் அதை உறிஞ்சினால் பெரும்பாலான தோல் பகுதிகளுக்கு அதுவே போதும்.

உள்பட்டைத் தோல் செம்பொடியாக உதிர்கிறதே?

அது சிவப்பு அழுகல். மரப்பட்டைச் சாறு போட்டுப் பதனிட்ட தோலைக் காற்றிலுள்ள கந்தக அமிலம் பல பத்தாண்டுகளாக அரித்ததன் விளைவு. நிலக்கரி புகைந்த நகரங்களில் இருந்த பொருள்களில் அதிகம். திரும்பப் பழைய தோலாக மாறாது. உதிர்வதை மட்டும் நிறுத்தலாம்.

தோல் பராமரிப்பாளர்கள் க்ளூசெல் ஜி என்ற செல்லுலோஸ் பசையை ஆல்கஹாலில் 1 முதல் 2 சதவீதம் கரைத்து, மென்தூரிகையால் மெல்லப் பூசுகிறார்கள். பொடி ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், தோலின் நிறம் பெரிதாக மாறாது. இது வார்னிஷ் இல்லாத உட்பக்கத் தோலுக்கு மட்டும். வெளிப்பக்கக் கறுப்பு வார்னிஷில் ஆல்கஹால் பட்டால் அது கரைந்து இழுபட வாய்ப்புண்டு. மை முத்திரை இருக்கும் இடத்திலும் கூடாது. தண்ணீர் அறவே கூடாது: சிவப்பு அழுகல் கண்ட தோல் ஈரம் பட்டால் கறுத்துச் சுருங்கி மொறுமொறுவென்று உடையும்.

பித்தளை கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமே?

குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே வேண்டாம், பீதாம்பரியும் பிராஸோவும்கூட வேண்டாம். புளியின் அமிலம் பித்தளையின் மேல்தோலைக் கரைக்கிறது. பாலிஷ் பொடி அதை அரைத்தெடுக்கிறது. அதிகாரிகளின் ஹெல்மெட்டில், நெற்றியில் அரசுச் சின்னம் தாங்கிய முன்தகட்டுக்குப் பெரும்பாலும் பொன்முலாம் பூசியிருப்பார்கள். நாலு தடவை தேய்த்தால் முலாம் போய் அடியிலுள்ள பித்தளை வந்துவிடும், மறுபடி ஒட்டவும் முடியாது. பாலிஷின் வெள்ளைப் பொடி சின்னத்திலுள்ள கழுகின் இறகு இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொண்டு வரவே வராது. தகட்டுக்கு அடியிலிருக்கும் கறுப்பு வார்னிஷையும் கறைப்படுத்தும்.

சீரான பழுப்புப் படிவம் பித்தளைக்குக் காவல். அதை அப்படியே விடுங்கள். எடுக்க வேண்டியது பச்சைக் களிம்பை மட்டும்தான். தோலிலுள்ள கொழுப்பும் பித்தளையின் செம்பும் சேர்ந்து உண்டாகும் மெழுகு மாதிரியான பச்சைப் பொருள் அது. ரிவெட்டுகளைச் சுற்றி, பின்பக்க முதுகுப் பட்டையின் ஓரத்தில், முன்விளிம்பின் பித்தளைக் கரையில் பிதுங்கி நிற்கும்.

மூங்கில் குச்சி அல்லது பல்குத்தும் மரக்குச்சியின் நுனியைச் சப்பையாகச் சீவிக்கொள்ளுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, களிம்பை வார்னிஷிலிருந்து விலக்கி பித்தளைப் பக்கமாகத் தள்ளி எடுங்கள். கட்டியாக வந்ததும் குச்சியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தடவை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே பச்சை தோலில் தேய்ந்து பூசிக்கொள்ளும். மீதிப் பிசுக்குக்கு ஒயிட் ஸ்பிரிட் என்னும் பெட்ரோலியக் கரைப்பானில் நனைத்து நன்றாகப் பிழிந்த பஞ்சுமுனை, பித்தளையின் மேல் மட்டும். அவசரப்படாதீர்கள், ஒரு மாலைக்கு இரண்டு மூன்று ரிவெட் என்றால் போதும். பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை பாருங்கள். தோலில் கொழுப்பு இருக்கும்வரை களிம்பு கொஞ்சம் திரும்ப வரத்தான் செய்யும்.

முன்தகட்டையும் கூர்முனையையும் கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

அவசியம் இல்லாமல் கழற்றாதீர்கள். சாதாரண வீரர்களின் முன்தகட்டுக்குப் பின்னால் இரண்டு வளையங்கள் பற்றவைத்திருக்கும். அவை தோலின் துளை வழியாக உள்ளே வந்து, சிறு தோல் ஆப்புகளால் இறுகி நிற்கும். அந்த ஆப்பைப் பிடுங்கினால் நொறுங்கும், வளையத்தை நெம்பினால் பற்றவைப்பு விட்டுப்போகும். அதிகாரிகளின் தகட்டில் மரையாணியும் நட்டும் இருக்கும். அந்த நட்டு துருவோடு இறுகியிருந்தால் திருகும்போது ஆணியே ஒடியும். கூர்முனையின் அடித்தட்டைப் பிடித்திருக்கும் பிளவு ஆணிகளின் கால்களை ஒரு தடவை நிமிர்த்தி மறுபடி மடக்கினாலே உடைவது வழக்கம்.

சாதாரண வீரர்களின் 1915 மாடலில் கூர்முனை திருகிக் கழற்றும்படி அமைந்தது. போர்முனையில் முள் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்ததால் வந்த மாற்றம். பித்தளைக்குப் பதில் சாம்பல் நிற எஃகு பொருத்தியதும் அந்த மாடலில்தான். அதில்கூட இறுகியிருந்தால் பலம் போடாதீர்கள்.

வார்னிஷ் வெடித்துச் செதில் செதிலாக வருகிறது. வடிவமும் நசுங்கியிருக்கிறது.

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்று: தோல் சுருங்கியது. வார்னிஷ் தோலோடு சேர்ந்து சுருங்காது, அதனால் வெடிக்கிறது. முன்விளிம்பையும் கிண்ணத்தையும் இணைக்கும் தையலில் இழுவிசை ஏறி நூல் அறுகிறது.

நசுங்கியதை நீராவி காட்டி நிமிர்த்தும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். முடிவு மட்டும்தான் அதில் தெரியும், சில மாதம் கழித்து வார்னிஷ் கொத்தாக உதிர்வதை யாரும் படம் எடுப்பதில்லை. வீட்டில் செய்யக்கூடியது, மேலும் நசுங்காமல் உள்ளிருந்து தாங்குவது. அமிலமற்ற டிஷ்யூ தாளைக் கசக்கி மெத்தைபோல் நிரப்புங்கள். இறுக்கி அடைக்காமல் கிண்ணத்தின் எடையைத் தாங்கும் அளவுக்கு மட்டும். செதில்களை ஒட்டுவது நிபுணர் வேலை. சூப்பர் குளூ, ஃபெவிகால் இரண்டும் திரும்ப எடுக்க முடியாத கறையாகிவிடும். கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

காணாமல் போன பாகங்களுக்குப் புதிய பாகம் பொருத்தலாமா?

பொருத்தலாம், இரண்டு நிபந்தனையோடு. பழைய துளைகளையே பயன்படுத்த வேண்டும், புதிதாக ஓட்டை போடக்கூடாது. பொருத்தியது நகல் என்று அதன் மறைவுப் பக்கத்தில் அழியாத எழுத்தில் குறிக்க வேண்டும்.

பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா என்பதையும் பாருங்கள். பிரஷ்யக் கழுகு, பவேரியச் சிங்கங்கள், பாடன் கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு) ஒவ்வொன்றும் அந்தந்த அரசின் சின்னம். பக்கவாட்டில் வரும் வட்டச் சின்னங்களில் இடப்பக்கம் இருப்பது அரசுக்குரியது: பிரஷ்யாவுக்குக் கறுப்பு-வெள்ளை-கறுப்பு, பவேரியாவுக்கு வெள்ளை-நீலம்-வெள்ளை, சாக்ஸனிக்கு வெள்ளை-பச்சை-வெள்ளை. வலப்பக்கத்துக் கறுப்பு-வெள்ளை-சிவப்பு ஜெர்மன் பேரரசுக்குரியது, 1897-இல் சேர்க்கப்பட்டது. பவேரிய ஹெல்மெட்டில் பிரஷ்ய வட்டத்தைப் பொருத்துவதைவிட வெறுமையாக விடுவது எவ்வளவோ மேல்.

எஃகு ஹெல்மெட்டில் துரு. எப்படி எடுப்பது?

எல்லாத் துருவையும் எடுக்க வேண்டியதில்லை. கெட்டியாக, கரும்பழுப்பாக, விரலில் ஒட்டாமல் இருந்தால் அது அடங்கிய துரு. விட்டுவிடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்ந்தால்தான் அது இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.

கம்பித் தூரிகை, எமரி தாள், மணல் பீச்சுதல், வினிகர், மின்பகுப்பு முறை எல்லாமே துருவோடு பெயிண்டையும் கொண்டுபோய்விடும். பெயிண்ட் இருக்கும் ஹெல்மெட்டில் செய்ய வேண்டியது: உலர்ந்த தூரிகை, பிறகு மரக்குச்சியால் பொடித் துருவைச் சுரண்டுவது, பெயிண்ட் இல்லாத வெறும் எஃகில் மட்டும் துளி மெஷின் எண்ணெய் தொட்ட பஞ்சு, உடனே துடைத்துவிடுவது. கடைசியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லிசாக. பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரினெய்ஸான்ஸ் வேக்ஸ் இந்த வகைதான். ஆனால் 1940-க்குப் பிந்தைய சொரசொரப்பான மேட் பெயிண்டில் மெழுகு குழிகளில் தங்கி வெள்ளையாகத் தெரியும், பளபளப்பும் ஏறும். மறைவான ஓரத்தில் பொட்டளவு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெயிண்ட் நன்றாக இருந்தால் மெழுகே தேவையில்லை.

பல வண்ண உருமறைப்புப் பெயிண்ட் இருக்கிறது. அசலா?

1918 ஜூலையில் ஜெர்மன் படைத்தலைமை ஓர் உத்தரவு போட்டது. பச்சை, மஞ்சள் காவி, துருப்பழுப்பு நிறங்களில் திட்டுத் திட்டாகப் பூசி, நடுவில் விரலகலக் கறுப்புக் கோடு போட வேண்டும் என்று. அந்தப் பாணியில் உண்மையான ஹெல்மெட்கள் நிறைய உண்டு. அதைவிட அதிகமாகப் பிற்காலத்தில் பூசியவையும் உண்டு, ஏனென்றால் வெறும் பச்சை ஹெல்மெட்டைவிட இதற்கு விலை கூட.

பத்து மடங்கு உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு கீறல்களைப் பாருங்கள். வண்ணம் கீறலுக்குள் இறங்கியிருந்தால், அதாவது துருப்பிடித்த பழைய கீறலின் மேலேயே பெயிண்ட் ஓடியிருந்தால், பெயிண்ட் பின்னால் வந்தது. புற ஊதா டார்ச்சையும் அடித்துப் பாருங்கள். நவீனப் பெயிண்டுகள் சில ஒளிரும். தாடைவாரின் தையல் நூல் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது செயற்கை இழையாக இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: இன்றைய சோப்புத்தூளில் துவைத்த பழைய பருத்தியும் அப்படி ஒளிரும். ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

கிண்ணத்தில் குத்தியிருக்கும் எழுத்தும் எண்ணும் என்ன?

உள்ளே விளிம்பை ஒட்டிய பகுதியில் தயாரிப்பாளர் குறியும் அளவும். ஈ.டி. என்றால் ஹார்ட்ஸ் மலையடிவாரத்திலுள்ள தாலெ ஊர் எஃகு ஆலை. கியூ என்றால் எஸ்லிங்கனிலிருந்த குவிஸ்ட். 64, 66 போன்ற எண் கிண்ணத்தின் அளவு. தலையின் அளவு அதைவிடக் குறைவு, ஏனென்றால் நடுவில் உள்பட்டை வரவேண்டும். 64 கிண்ணத்தில் 57 செ.மீ. தலைக்கான உள்பட்டை இருந்தால் பொருத்தம் சரி.

எஃகு ஹெல்மெட்டின் உள்பட்டையைக் கழற்றித் துவைக்கலாமா?

துவைக்கக் கூடாது, கழற்றவும் கூடாது. 1916 மாடலில் மூன்று தோல் மெத்தைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் சின்னப் பை, அதற்குள் குதிரைமுடி அடைத்த துணித் தலையணை. 1935-க்குப் பிந்தைய மாடல்களில் எட்டு நாக்குகளாக வெட்டிய தோலை உச்சியில் ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். அந்தத் தோலைத் தாங்கும் உலோக வளையத்தை மூன்று பிளவு ஆணிகள் கிண்ணத்தோடு பிடித்திருக்கும். இதுவரை யாரும் நிமிர்த்தாத ஆணிகள் என்பது அசல் தன்மைக்கு வலுவான சாட்சி. தலை பட்ட இடத்தில் தோல் கறுத்து மெருகேறியிருப்பது அழுக்கு என்று தோன்றும். அது ஒரு மனிதர் மாதக்கணக்கில் அணிந்த தடம். இருக்கட்டும்.

குதிரைமுடியில் பூச்சி இருந்தால், எஃகு ஹெல்மெட்டைப் பாலிதீன் பையில் காற்று போக மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டால் நீர்த்துளி பையின் வெளிப்பக்கம் படியும், எஃகில் படியாது. வார்னிஷ் பூசிய தோல் ஹெல்மெட்டுக்கு இந்த முறை வேண்டாம், ஆக்ஸிஜன் நீக்கிய பையில் வைக்கும் முறையை நிபுணரிடம் கேளுங்கள்.

மண்ணிலிருந்து தோண்டி எடுத்த ஹெல்மெட் கிடைத்திருக்கிறது. உலர்ந்ததும் செதில் செதிலாகப் பிளக்கிறது.

மண்ணில் கிடந்த இரும்புக்குள் குளோரைடு உப்பு ஏறியிருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்து உள்ளிருந்தே அரிக்கும், மஞ்சள் நீர்த்துளிகள்கூடக் கசியும். மேலே வார்னிஷ் அடித்தால் உப்பு உள்ளே சிறைப்பட்டு வேலையைத் தொடரும். முழுத் தீர்வு ஆய்வகத்தில் காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை இழுப்பது. வீட்டில் சாத்தியமானது, காற்றுப் புகாத பெட்டியில் நிறைய சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதத்தை 15 சதவீதத்துக்கும் கீழே வைத்திருப்பது. ஈரப்பத அட்டை ஒன்றையும் உள்ளே போடுங்கள். நிறம் மாறினால் ஜெல்லை அடுப்பில் உலர்த்தி மாற்றுங்கள். ஆக்ஸாலிக் அமிலக் குளியலைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது நஞ்சு, மிச்சப் பெயிண்டையும் பாதிக்கும்.

எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். பிரான்ஸில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் கொண்டு போர்க்களத்தைத் தோண்டுவது சட்டவிரோதம். வெர்தூன் போன்ற இடங்களில் வெடிக்காத குண்டுகள் இன்றும் மண்ணுக்குள் இருக்கின்றன. ஹெல்மெட்டோடு எலும்போ வீரரின் அடையாள வில்லையோ தென்பட்டால் கையெடுத்துவிட்டு உள்ளூர்க் காவல்துறையைக் கூப்பிடுங்கள். ஜெர்மன் போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்புண்ட் அமைப்பு இன்றும் வீரர்களை அடையாளம் கண்டு அடக்கம் செய்கிறது. அந்த வில்லையை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு போனால் அந்த மனிதர் என்றென்றைக்கும் பெயரில்லாதவராகிவிடுவார்.

இரண்டாம் உலகப்போர் ஹெல்மெட்டில் சுவஸ்திகா பிடித்த கழுகு இருக்கிறது. சுரண்டிவிடலாமா?

சுரண்டாதீர்கள். அது அந்த ஆட்சியின் குற்றங்களுக்குச் சான்றான பொருள். சான்றை அழிப்பதால் யாருக்கும் நியாயம் கிடைக்காது. அதே சமயம் அலங்காரமாக வரவேற்பறையில் பெருமையாக வைக்கும் பொருளும் இல்லை. ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு இந்தச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் தடை செய்கிறது. கல்வி, ஆராய்ச்சி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆஸ்திரியாவிலும் கடுமையான சட்டம் இருக்கிறது. விற்பவர்கள் படத்தில் சின்னத்தை மறைத்திருப்பது அதனால்தான்.

சின்னம் இல்லாத ஹெல்மெட்டில் புதிதாக ஒட்டுவதும் தவறு. வலப்பக்க மூவர்ணக் கேடயம் 1940-இலும், இடப்பக்கக் கழுகு 1943-இலும் உத்தரவின்படியே நிறுத்தப்பட்டன. இல்லாததுதான் பல ஹெல்மெட்களின் அசல் நிலை. ஒட்டிய சின்னத்தின் மேல் மெழுகோ எண்ணெயோ கரைப்பானோ படக்கூடாது. அதன் மேல்பூச்சு நூலிழையளவு மெல்லியது.

வீட்டில் எங்கே, எப்படி வைப்பது?

தோலும் உலோகமும் சேர்ந்த பொருளுக்கு ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் வசதியானது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சணம் வரும், 35-க்குக் கீழே போனால் தோல் சுருங்கும். ஒரு நாள் 40, மறுநாள் 70 என்று ஏறி இறங்குவதுதான் இரண்டையும்விடக் கெடுதல். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி கடலோர ஊர்களில் ஏசியைப் பகலில் அணைத்து இரவில் போடும் அறையில் இது தினமும் நடக்கும். அங்கே இறுக்கமாக மூடும் கண்ணாடிப் பெட்டியும் உள்ளே பதப்படுத்திய சிலிக்கா ஜெல்லும் அவசியம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் குளிர்கால ஹீட்டர்தான் எதிரி. ரேடியேட்டருக்குப் பக்கத்திலும் பரணிலும் நிலவறையிலும் வேண்டாம்.

தாடைவாரில் மாட்டித் தொங்கவிடாதீர்கள். பின்விளிம்பில் நிற்கவைக்காதீர்கள். பாலிதீன் நுரையை உட்புற வடிவத்துக்கு வெட்டி, மேலே துவைத்த பருத்தித் துணி போர்த்தித் தாங்கி செய்யுங்கள், எடை உச்சியில் பரவலாக இறங்கும். ஓக் மரப் பெட்டி அமில ஆவி விடும், ரப்பர் கந்தகம் விடும், பிவிசி நுரை காலப்போக்கில் பிசுபிசுக்கும். மூன்றையும் தவிருங்கள். வெளிச்சம் 50 லக்ஸ் அளவுக்குள், ஜன்னல் வெயில் அறவே கூடாது.

உள்ளே ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

சில சமயம் முடியும். பவேரிய வீரர் என்றால் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் மியூனிக்கிலுள்ள போர் ஆவணக் காப்பகத்தில் பவேரியப் படையின் வீரர் பதிவேடுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பிரஷ்யப் படையின் ஆவணங்களோ 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் நகரத்தின் மேல் நடந்த விமானத் தாக்குதலில் பெரும்பகுதி எரிந்துபோயின. அந்தப் பக்கத்து வீரர்களை முதல் உலகப்போரின் இழப்புப் பட்டியல்களில் தேடலாம். ஜெர்மானிய வம்சாவளி ஆர்வலர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றி, பெயர் போட்டுத் தேடும் வசதி செய்திருக்கிறார்கள். போர்க்கைதியாகியிருந்தால் ஜெனீவாவிலுள்ள செஞ்சிலுவைச் சங்கத்தின் அட்டைகளில் இருக்கலாம். பென்சில் எழுத்தைத் தெளிவாக்க எதையும் தடவாதீர்கள். அகச்சிவப்புப் படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத கரிக்கோடுகள் பல நேரம் தெளிவாக வரும்.

எப்போது நிபுணரிடம் கொடுக்க வேண்டும்?

வார்னிஷ் செதில் உதிர்ந்தால், தையல் அறுந்து முன்விளிம்பு தொங்கினால், தோண்டியெடுத்த இரும்பு கசிந்தால், ஒட்டிய சின்னம் ஓரத்தில் தூக்கினால். தோல், உலோகம் இரண்டிலும் பயிற்சி உள்ள அருங்காட்சியகப் பராமரிப்பாளராகத் தேடுங்கள். கார் பெயிண்டரும் செருப்புத் தைப்பவரும் தங்கள் தொழிலில் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இந்த வேலை வேறு. இங்கோல்ஷ்டாட்டிலுள்ள பவேரிய ராணுவ அருங்காட்சியகம், டிரெஸ்டனிலுள்ள ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இத்தகைய ஹெல்மெட்களை நேரில் பார்க்கலாம். எந்த அளவு பழமையை அவர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே நம் ஹெல்மெட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது பிடிபடும்.

கொடுப்பதற்கு முன் என்ன செய்யப் போகிறார், எந்தப் பொருளால், அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். முடித்ததும் முன்-பின் படங்களோடு அறிக்கை வாங்கி, ஹெல்மெட் எங்கே போனாலும் அதே பெட்டியில் கூடவே போகும்படி வையுங்கள்.